கட்டியக்காரனின் குரல்: தமிழ்த் திரையில் சூப்பர் ஹீரோ அங்கதம்

சூப்பர் ஹீரோ அங்கதம் என்பது மனித ஆற்றலை மீறிய நாயகனைக் கேலிக்கு உட்படுத்தி, அதன் வழியாக வீரவழிபாட்டையும் அதிகாரத்தையும் விமர்சிக்கும் கலைவகை. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் இது தனி வகையாக வளர்ந்தது. 1938-இல் தோன்றிய சூப்பர்மேன் அரை நூற்றாண்டு வணங்கப்பட்ட பின், ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய ‘வாட்ச்மென்’ (1986–87) அந்த வணக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. கார்த் என்னிஸ், டாரிக் ராபர்ட்சன் இருவரின் ‘தி பாய்ஸ்’ (2006) இன்னும் ஒரு படி சென்று, பெருநிறுவனம் ஒன்று தயாரித்து விற்கும் சரக்காகவே நாயகனைக் காட்டியது. 2019 முதல் அது இணையத் தொடராக வந்து உலகெங்கும் பார்க்கப்பட்டது.

தமிழில் முகமூடியும் மேலங்கியும் அணிந்த நாயகர்கள் மிகக் குறைவு. ஆகவே இவ்வகை அங்கதம் தமிழுக்கு அண்மையில் வந்து சேர்ந்த இறக்குமதி என்று கருதப்படுவதுண்டு. ஆனால் வீரனைப் புகழும் சொல்லையே எடுத்து அவனைக் கேலி செய்யும் மரபு தமிழில் மிகப் பழையது. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006), ‘தமிழ்ப்படம்’ (2010), ‘ஜோக்கர்’ (2016), ‘மாவீரன்’ (2023) ஆகிய படங்களை அந்த மரபின் தொடர்ச்சியாக வாசிக்க முடியும்.

அங்கதமும் கட்டியமும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். புகழ்வது போலப் பழிப்பது இரண்டாம் வகையில் அடங்கும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது ஆயுதங்கள் நெய் பூசி மினுங்குவதைப் புகழ்ந்து, தன் தலைவனின் ஆயுதங்களோ முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று சொன்ன புறநானூற்றுப் பாடல் (95) இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. போர் செய்யாதவனின் ஆயுதம்தான் பளபளக்கும் என்பது உட்பொருள். வீரத்தின் தோற்றம் வேறு, வீரம் வேறு என்ற வேறுபாடு அங்கேயே வந்துவிடுகிறது.

இம்மரபு மக்கள் கலையில் வாழும் இடம் தெருக்கூத்து. தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டும் அதைச் சூழ்ந்த கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களும் கூத்து வேரூன்றிய நிலம். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, இறுதியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் நடத்துவது இவ்வட்டார வழக்கம். அரவான் களப்பலிக்குப் பெயர்பெற்ற கூவாகமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது.

கூத்தில் அரசன் நேரடியாக மேடைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நிற்கிறான். அவன் வருகையை அறிவிப்பவன் கட்டியக்காரன். கட்டியம் என்றால் அரசனின் பட்டங்களையும் பெருமைகளையும் உரக்கச் சொல்வது. அதற்கென்றே அமர்த்தப்பட்டவன் கட்டியக்காரன். ஆனால் கேலி செய்வதும் அவனே. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து வரும் ராஜாவைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறான். ராஜா உயர்ந்த மொழியில் தன் பெருமையைச் சொல்ல, கட்டியக்காரன் அதை ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்கிறான். அந்த மொழிமாற்றத்தில் பெருமை பாதி கரைந்துவிடுகிறது. ஊரின் தண்ணீர்ப் பஞ்சமும் விலைவாசியும் அஸ்தினாபுரத்து அரண்மனைக்குள் நுழைந்துவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டியக்காரனைக் கேட்டுச் சிரிக்கும் அதே கூட்டம் விடிந்ததும் படுகளத்தில் பக்தியோடு நிற்கிறது. கூத்தின் அங்கதம் அரசனை ஒழிப்பதில்லை. அவனை மனித அளவுக்குக் கொண்டுவருகிறது. வழிபாட்டுக்கு நடுவே கேள்விக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருப்பதே கூத்தின் நுட்பம்.

முகமூடி இல்லாத சூப்பர் ஹீரோ

தமிழ் வாசகருக்கு அயல்நாட்டுச் சித்திரக்கதை நாயகர்கள் புதியவர்கள் அல்லர். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் இரும்புக்கை மாயாவியை வீட்டுப் பெயராக்கியது. எனினும் தமிழ்த் திரையில் முகமூடி நாயகன் நிலைக்கவில்லை. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) அதற்கான நேரடி முயற்சி. அது பெரிய வரவேற்பைப் பெறவில்லை. காரணம் எளிது. தமிழ்த் திரையின் சாதாரண நாயகனே ஏற்கெனவே சூப்பர் ஹீரோவாக இருந்தான். ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துபவனுக்குத் தனியாக ஓர் உடை தேவைப்படவில்லை.

அமெரிக்க நாயகன் முகத்தை மறைக்கிறான். முகமூடியைக் கழற்றினால் அவன் யாரோ ஒருவன். தமிழ் நாயகனுக்கு முகமே ஆற்றல். கதாபாத்திரம் செய்த நன்மைகள் நடிகரின் கணக்கில் சேர்கின்றன. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் மன்னனாகவும், மன்னனின் இடத்தில் அமர்ந்து சீர்திருத்தம் செய்யும் குடிமகனாகவும் எம்.ஜி.ஆர். நடித்தார், படத்தை இயக்கியவரும் அவரே. 1977-இல் அவர் முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24 அன்று மறையும் வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, அப்பதவியில் இருந்தார். அவர் மறைந்தபோது ஆதரவாளர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். திரைப் பிம்பத்துக்கும் ஆட்சியின் உண்மையான பயன்களுக்கும் இடையிலான இடைவெளியை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன், தம் நூலுக்குப் பிம்பப் பொறி என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பையே வைத்தார் (1992).

பிம்பம் நிலைபெறக் கட்டியம் வேண்டும். தமிழ்த் திரையில் அந்த வேலையைப் பட்டங்கள் செய்கின்றன. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் ரஜினிகாந்தின் பட்டம் எழுத்து எழுத்தாகத் திரையில் ஒளிர்ந்தபோது அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. கதை தொடங்குமுன்பே நாயகன் வென்றுவிடுகிறான். அது கூத்தின் திரைவருகைக்கு நிகரான தருணம். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது: கூத்தில் திரை விலகியதும் கேள்வி கேட்க ஒருவன் நிற்கிறான். திரையரங்கில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தமிழின் சூப்பர் ஹீரோ அங்கதப் படங்கள் அனைத்தும் அந்தக் காலியிடத்தை நிரப்ப முயன்றவை எனலாம்.

பட்டத்தைக் கேலி செய்த படங்கள்

ஆனந்த விகடனில் கேலிச்சித்திரக்காரராக இருந்த சிம்புதேவன் இயக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ அந்த முயற்சியில் முதல் பெரிய வெற்றி. வடிவேலு நடித்த புலிகேசி ஒல்லியான, கோழையான அரசன். தன் ஓவியத்தை வரையச் சொல்லும்போது கட்டுமஸ்தான உடலின் மேல் தன் தலையை வைத்து வரையச் செய்கிறான். சிரிப்புக்காக எழுதப்பட்ட அக்காட்சி, கட்-அவுட் பண்பாட்டின் முழு இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறது. உடல் ஒருவனுடையது, தலை இன்னொருவனுடையது. வரலாறு இந்த ஓவியத்தைத்தான் நம்பும் என்பது அரசனின் கணக்கு. நகைச்சுவை நடிகரே நாயகனாக அமைந்ததால், இப்படத்தில் கட்டியக்காரன் கிரீடம் சூடிக்கொண்டு அரியணையில் அமர்ந்துவிட்டான் என்று சொல்லலாம்.

சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ வேறு வழியில் சென்றது. நாயகனின் அதிசய ஆற்றல்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அவற்றைச் சிறிதும் சிரிக்காமல் செய்துகாட்டியது. சிறுவன் சைக்கிள் மிதிக்கிறான். மிதித்து முடிக்கும்போது இளைஞனாகிவிடுகிறான். நாயகன் வளர்வதற்கு உழைப்போ காலமோ தேவையில்லை, ஒரு காட்சி மாற்றம் போதும் என்ற வழக்கம் இங்கே நிர்வாணமாக நிற்கிறது. படத்தின் கூர்மையான இடம் முடிவில் வருகிறது. நாயகன் தேடிக்கொண்டிருந்த மர்ம வில்லன், அவனை வளர்த்த பாட்டியே. நாயகன் தேவைப்பட வேண்டுமானால் தீமை தேவை. நாயகனை உருவாக்க விரும்புபவர் தீமையையும் உருவாக்கியாக வேண்டும். கேலிப்படம் என்று எளிதாகக் கடந்துவிடப்பட்ட இப்படம், ‘தி பாய்ஸ்’ கதையின் நிறுவனம் செய்யும் வேலையைப் பரவை முனியம்மாவின் பாத்திரத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறது.

இவ்விரண்டுக்கும் முன்னோடியாகச் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தைக் (1968, படம் 1971) கொள்ள வேண்டும். பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் உயிரோடு திரும்பியதாக நம்பிய மக்கள் அவனைப் பிரதமராக்குகிறார்கள். வேடம் போட்டவன் பதவியை விட மறுக்க, உண்மையைச் சொல்ல வந்த நண்பன் கூட்டத்தின் கையில் மடிகிறான். வேடதாரியைவிட அவனை நம்பும் கூட்டம்தான் ஆபத்தானது என்ற எச்சரிக்கையை இவ்வளவு கடுமையாகச் சொன்ன தமிழ்ப் படைப்புகள் சில மட்டுமே.

மாவீரன்: தலைக்குள் ஒலிக்கும் கட்டியம்

மடோன் அஸ்வின் இயக்கி 2023 ஜூலை 14 அன்று வெளியான ‘மாவீரன்’ இந்த மரபை நேரடியாகச் சூப்பர் ஹீரோ கதைக்குள் கொண்டுவந்தது. சிவகார்த்திகேயன் நடித்த சத்யா ஒரு நாளிதழில் ‘மாவீரன்’ என்ற சித்திரக்கதை வரைபவன். தாளில் அநீதியை எதிர்க்கும் அவன் வாழ்வில் எதையும் எதிர்ப்பதில்லை. சென்னையின் குடிசைப் பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, ‘மக்கள் மாளிகை’ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன் குடும்பம் குடியேற்றப்படுகிறது. சுவர் பெயர்கிறது, கதவு கையோடு வருகிறது. அனுசரித்துப் போகலாம் என்பதே சத்யாவின் பதில். கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. விஜய் சேதுபதியின் குரல் அது. இனி நடக்கப்போவதை, மாவீரனின் கதையாக, கம்பீரமான நடையில் அது முன்கூட்டியே சொல்கிறது.

எழுத்தாளரின் குரல் ஒருவனுக்குக் கேட்பது என்ற கருவை ஹாலிவுட்டின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் ஃபிக்‌ஷன்’ (2006) முன்பே கையாண்டிருக்கிறது. அங்கே அது ஒரு தனிமனிதன் தன் மரணத்தை எதிர்கொள்ளும் கதை. தமிழில் அதே உத்தி வேறு பொருள் பெறுகிறது. சத்யாவின் தலைக்குள் ஒலிப்பது கட்டியம். அவன் ஆற்றல் உடலில் இல்லை, அவனைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லில் இருக்கிறது. குரல் வீரன் என்று அழைக்கும்போது கை தானாகச் சண்டையிடுகிறது. அழைக்காதபோது அவன் நடுங்குகிறான். வீரன் என்பவன் அறிவிப்பாளரின் படைப்பு என்ற உண்மையை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது.

குரல் வரும்போதெல்லாம் சத்யா தலையைத் தூக்கி மேலே பார்க்கிறான். கட்-அவுட்டைப் பார்க்கும் ரசிகனின் பார்வையும் அதே கோணத்தில்தான் அமைகிறது. ஒரு படத்தின் நாயகனே அப்படி அண்ணாந்து பார்க்கும்போது, நாயகனுக்கும் ரசிகனுக்கும் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. இருவரும் தமக்கு வெளியிலிருந்து வரும் ஆணைக்காகக் காத்திருப்பவர்கள்.

இப்படத்தில் உண்மையான துணிச்சல் சரிதா நடித்த தாய் ஈஸ்வரியிடம் இருக்கிறது. அவளுக்கு எந்தக் குரலும் கேட்பதில்லை. அநீதி கண்டால் வாயைத் திறக்கிறாள், அதற்கான விலையையும் கொடுக்கிறாள். மகன்தான் அவளை அடக்குகிறான். படம் இந்த முரணைத் தெளிவாகக் காட்டினாலும், முழுமையாகத் தொடரவில்லை. குரலற்ற துணிச்சலைவிடக் குரல் பெற்ற கோழைக்கே கதையின் மையம் தரப்படுகிறது. ஈஸ்வரியை மையமாக வைத்திருந்தால் அங்கதம் இன்னும் கூர்மையாகியிருக்கும். அப்படியொரு கதைக்கு நட்சத்திரம் தேவைப்பட்டிருக்காது.

இடியும் சுவர்கள்

‘மாவீரன்’ படத்தின் தீமை அமைச்சர் ஜெயக்கொடியின் (மிஷ்கின்) உருவில் வந்தாலும், அதன் உண்மையான இருப்பிடம் சிமெண்ட் கலவையில் இருக்கிறது. யோகி பாபு நடித்த குமாரின் வேலை விரிசல்களைப் பூசி மறைப்பது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கைபட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்த காட்சிகள் பெரும் சர்ச்சையாகி, கட்டுமானத் தரம் குறித்து வல்லுநர் ஆய்வு நடத்தப்பட்டதைப் பார்வையாளர் நினைவுகூர்ந்திருக்கலாம். சூப்பர் ஹீரோ கதைகளில் கட்டடங்கள் சண்டையில் இடியும். இங்கே கட்டடம் ஒப்பந்தத்தில் இடிகிறது.

இதே இடியும் சுவரை ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ முன்பே காட்டியது. தருமபுரி வட்டாரத்தில் நிகழும் அக்கதையில், அரசுத் திட்டத்தில் அரைகுறையாகக் கட்டப்பட்ட கழிவறை சரிந்து விழ, மல்லிகை நினைவற்ற நிலைக்குப் போகிறாள். அவள் கணவன் மன்னர் மன்னன் தன்னை இந்தியக் குடியரசுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டு ஆணைகள் பிறப்பிக்கிறான். குரு சோமசுந்தரம் நடித்த அந்தப் பாத்திரத்துக்குக் கட்டியம் சொல்ல யாருமில்லை. தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்கிறான். ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது. அதிகாரம் தன் கடமையைச் செய்யாதபோது, அக்கடமையைச் செய்யச் சொல்பவன் கோமாளியாகிவிடுகிறான் என்பதே படத்தின் கசப்பு.

அதே நடிகர் மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ (2021) படத்தில் ஷிபுவாக நடித்தார். ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது, இருவருக்கும் ஒரே ஆற்றல் கிடைக்கிறது. ஒருவன் நாயகனாகிறான், ஊர் காலமெல்லாம் ஒதுக்கிய ஷிபு வில்லனாகிறான். ஆற்றலுக்கு அறம் கிடையாது, அதைச் சுற்றியுள்ள ஊரே அதன் அறத்தைத் தீர்மானிக்கிறது என்ற பார்வை, நாயகனின் பிறவி மேன்மையை மறுக்கிறது. ‘வாட்ச்மென்’ எழுப்பிய கேள்வியும் இதற்கு அண்மையில்தான் நிற்கிறது: காவலர்களைக் காவல் காப்பது யார்?

அங்கதத்தின் எல்லை

இவ்வகைப் படங்களின் முதன்மையான பலவீனம், அவை எதிர்க்கும் பொருளையே முதலாகக் கொண்டு இயங்குவது. ‘மாவீரன்’ வீரவழிபாட்டைக் கேலி செய்கிறது. அதன் சண்டைக் காட்சிகளோ வளர்ந்துவரும் நட்சத்திரம் ஒருவரின் ரசிகர்கள் ஆரவாரிக்கும் வகையில் அமைக்கப்பட்டவை. ‘தமிழ்ப்படம்’ நட்சத்திர வழக்கங்கள் எல்லாவற்றையும் உடைத்தது. அதன் பின்னும் அவ்வழக்கங்கள் குறையவில்லை. பெரிய நடிகர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் வசனங்களைப் படங்களில் சேர்க்கத் தொடங்கினர். கேலியும் கட்டியத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தன்னைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் பெரியவர் என்று ரசிகன் அதற்கும் கைதட்டுகிறான்.

இந்த எல்லையைத் தாண்டிய படமாக மடோன் அஸ்வினின் முதல் படமான ‘மண்டேலா’வைக் (2021) குறிப்பிடலாம். அதில் ஆற்றல் படைத்த நாயகன் இல்லை. ஊரார் ‘இளிச்சவாய்’ என்று அழைக்கும், சரியான பெயர்கூட இல்லாத முடிதிருத்துநர் ஒருவருக்கு நெல்சன் மண்டேலா என்ற பெயரும் வாக்காளர் அட்டையும் கிடைக்கின்றன. ஊராட்சித் தேர்தலில் இரு தரப்பும் சமநிலையில் நிற்க, அந்த ஒற்றை வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் பொருளாகிறது. நேற்றுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை இரு தரப்பும் வணங்குகின்றன. இங்கே சூப்பர் ஆற்றல் என்பது ஒரு துண்டுச் சீட்டு. அது எல்லோரிடமும் இருக்கிறது. ‘மாவீரன்’ ஒருவன் தலைக்குள் ஒலிக்கும் குரலைப் பற்றியது. ‘மண்டேலா’ ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் குரலைப் பற்றியது. அங்கதமாக இரண்டாவதே ஆழமானது.

மதிப்பீடு

வீரவழிபாடு வெறும் ரசனைப் பிரச்சினை என்றால் அதைக் கேலி செய்வதோ செய்யாமலிருப்பதோ பெரிய விஷயம் அல்ல. அது உயிர்களோடு தொடர்புடையது என்பதால்தான் இவ்வகை அங்கதம் முக்கியமாகிறது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் அரசியல் பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தனர். யார் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது விசாரணைக்கு உரியது. ஆனால் ஒரு முகத்தை அருகில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலின் வலிமையை அந்த நாள் காட்டியது.

வழிபாட்டின் மறுபக்கம் இதைவிட அமைதியானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதுபோன்ற சாவுகளில் ஒரே அடியில் வீழ்த்தப்பட வேண்டிய வில்லன் என்று ஒருவன் இருப்பதில்லை. காய்ச்சுபவர், கடத்துபவர், விற்பவர், கண்டும் காணாதவர் என்று நீளும் சங்கிலி இருக்கிறது. அதை அறுக்க வேண்டியவை காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை, ஊராட்சி போன்ற அன்றாட அமைப்புகள். ஒருவன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வான் என்று நம்பும் சமூகம் இந்த அமைப்புகளைக் கேள்வி கேட்க மறந்துபோகிறது. சூப்பர் ஹீரோ கற்பனை அதிகாரத்துக்கு வசதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த நோக்கில் பார்த்தால், மேலே குறிப்பிட்ட படங்களின் பங்களிப்பு கலவையானது. ‘புலிகேசி’ பிம்பம் எப்படி வரையப்படுகிறது என்று காட்டியது. ‘தமிழ்ப்படம்’ நாயகனுக்காகத் தீமை எப்படி உற்பத்தியாகிறது என்று காட்டியது. ‘ஜோக்கர்’ பட்டமற்றவனின் கோபத்தைக் காட்டியது. ‘மாவீரன்’ வீரனை உருவாக்கும் குரலைக் கேட்கச் செய்தது. ஆனால் நட்சத்திரத்தின் நிழலிலிருந்து முழுமையாக வெளியே வந்த படைப்புகள் குறைவு. இதைக் குறையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. கூத்தின் கட்டியக்காரனும் அரசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் கேள்வி கேட்கிறான். அவன் மேடையிலிருந்து இறங்காமல் விடியும்வரை அங்கேயே நிற்பதுதான் கூத்துக்குத் தேவை.